காற்றாடி அண்ணை தேடித் தந்த உத்தியோகம்

இன்னும் வராத ஓர் உத்தியோகத்துக்காக ஊரையே தயார்படுத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் கரவெட்டிக்காரர். பிறந்தபோது வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் காற்றாடி அண்ணை.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவருடைய தொழில். திருவிழா, கலியாணம், செத்தவீடு எதுவென்றாலும் அவருடைய ஓட்டோதான் வந்து நிற்கும். தொழில் அவருடைய தொண்டைக்குள்ளும் இறங்கியிருந்தது. அவர் இரகசியம் சொன்னால் அடுத்த ஒழுங்கையிலிருந்து பதில் வரும்.

கிழக்குக் கரையோரம் காற்றாலைகள் வரப்போகின்றன, வெளியிலிருந்து பெரிய முதலீடு வருகிறது என்று செய்தி வந்த அன்றே அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

"காத்து எங்கடை. கடற்கரை எங்கடை. அப்ப வேலை ஆருக்கு? எங்கடை பிள்ளையளுக்கு!"

நான் அப்போது புவியியலில் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தேன். 'இப்ப என்ன செய்யிறாய்?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற வெட்கத்தில், தெருவில் ஆளில்லாத உச்சி வெயிலில்தான் கடைக்குப் போவேன். அண்ணை நேரே வீட்டு வாசலுக்கு வந்தார்.

"பிள்ளை, உயரத்துக்குப் பயமோ?"

"தெரியாது அண்ணை. ஏறிப் பாக்கேல்லை."

"நாளைக்கு வா. ஏறிப் பாப்பம்."

திருவிழாவுக்கு மின்விளக்குக் கட்டும் இரும்புக் குழாய்களைப் பூட்டி, தன் வளவுக்குள் ஒரு கோபுரம் எழுப்பியிருந்தார். இடுப்பில் கயிறு. தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். வேலையில்லாத பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம், பாதிக்கு மேல் பட்டதாரிகள். ஒவ்வொருவராக ஏறி உச்சியில் நின்று, நேர்முகத் தேர்வுக்காக ஆங்கிலத்தில் கத்த வேண்டும்: "வெரி ஹை, சேர்! நோ பிரொப்ளம், சேர்!"

கீழேயிருந்து அண்ணை, "கேக்கேல்லை!" என்பார். பக்கத்து ஊர் உடுப்பிட்டிக்கே கேட்டிருக்கும்.

ஒருநாள் நான் உச்சியில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது ஒழுங்கையில் ஒரு கார் வந்து நின்றது. என்னோடு படித்தவள். பக்கத்தில் புருஷன்.

"நீ கம்பஸ் முடிச்சனியெல்லோ? ஏனடி கம்பத்திலை நிக்கிறாய்?"

ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டேன். அது புகை படிந்த பழைய கண்ணாடி. இறங்குவதற்குப் படி தெரியவில்லை. அண்ணைதான் ஏறி வந்து, காலைப் பிடித்து ஒவ்வொரு குழாயாக வைத்து இறக்கிவிட்டார்.

ஒருவழியாகக் காற்றாலைகள் எழுந்தன. அண்ணை மினிபஸ் பிடித்து, எங்கள் எல்லாரையும் ஹெல்மெட்டோடு ஏற்றிக்கொண்டு போனார். கம்பனியின் அலுவலகம் ஒரு கொள்கலப் பெட்டிக்குள் இருந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த இளம் அதிகாரி வெளியே வந்து எங்களைப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன அங்கிள், எங்கேயும் எக்சிடென்டா?"

"இல்லை தம்பி, வேலைக்கு ஆக்கள். ஒருத்தருக்கும் உயரத்திலை பயமில்லை. பிள்ளை, சொல்லிக் காட்டு!"

மணல் தரையில் நின்றுகொண்டு நான் சொன்னேன்: "வெரி ஹை, சேர். நோ பிரொப்ளம், சேர்."

அதிகாரி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காத்தாலையை நிறுத்துற வேலை முடிஞ்சுது அங்கிள். அதுக்கு வெளியிலயிருந்து ஆக்கள் வந்தாங்க. இனிப் பராமரிக்கக் கொஞ்சப் பேர் போதும், அவங்களும் இருக்கிறாங்க. கேற்றுக்கு ஒரு வாச்சர் மட்டும்தான் தேவை. நீங்க வாறீங்களா?"

திரும்பி வரும்போது மினிபஸ்ஸில் ஹெல்மெட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். அண்ணை சாரதிக்குப் பக்கத்தில் எங்கள் பக்கம் திரும்பாமலே இருந்தார்.

மறுநாள் காலையில் அண்ணையின் ஓட்டோவிலிருந்து ஒலிபெருக்கி கேட்டது. யாரோ காலமாகிவிட்டார் என்று ஊர் வாசல் படலையடிக்கு ஓடிவந்தது.

"கரவெட்டி மக்களுக்கு அறியத்தருவது! காத்தாலை வேலை வரும் எண்டு சொன்னது நான். வரேல்லை. பிழை என்ரை. ஏறின பிள்ளையளைப் பகிடி பண்ணாதேங்கோ. உயரத்துக்குப் பயமில்லாத நல்ல பிள்ளையள், சும்மா இருக்குதுகள்!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் வீட்டைத் தாண்டும்போது என் நினைவு வந்துவிட்டது.

"இந்த வீட்டுப் பிள்ளை, வயசு முப்பத்தொண்டு, என்னை நம்பிக் கனடா மாப்பிள்ளையை வேண்டாமெண்ட பிள்ளை!"

ஓட்டோ ஓடிக்கொண்டிருந்ததால் பாதி ஊருக்குப் பாதி வசனம்தான் கேட்டது. காற்றாடி அண்ணைக்காகத்தான் நான் கனடாவை விட்டேன் என்று இரண்டு ஒழுங்கைகளில் இன்றைக்கும் நம்புகிறார்கள். அம்மா அந்த வெக்கையிலும் எல்லா யன்னலையும் சாத்தினா. நான் கட்டிலில் குப்புறக் கிடந்து, இந்த மனிதனின் தொண்டை கட்டிப்போகட்டும் என்று பிள்ளையாரை மன்றாடினேன்.

பின்னேரம் படலையில் ஒருவர் நின்றார். சாவகச்சேரியில் கூரைகளுக்குச் சோலார் தகடு பூட்டுகிறவர். காலையில் அந்த ஓட்டோவை முந்த முடியாமல், அறிவித்தல் முழுவதையும் கேட்டுக்கொண்டு பின்னால் வந்தாராம்.

"எனக்கு வேலைக்கு ஆக்கள் காணாது. தங்கச்சி, ஓட்டுக்கூரையிலை நிக்க ஏலுமோ?"

நான் வாய் திறக்கமுன் அம்மா சொன்னா: "ஹெல்மெட்டும் இருக்கு."

அவரிடம் எங்களில் நாலு பேருக்கு வேலை கிடைத்தது. மற்றவர்களுக்கு இல்லை. அண்ணையின் மனம் அந்த மற்றவர்களிலேயே நின்றுவிட்டது. அவர்களுடைய வீட்டு ஒழுங்கைகளால் போவதை விட்டார். சந்தைக்கு ஊரைச் சுற்றிப் போனார். கடைசியில் ஒலிபெருக்கிகளை மருமகனிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கேற்று வேலைக்குப் போய்விட்டார்.

"ஏன் அண்ணை?" என்று கேட்டேன்.

"வரும் எண்டு சொன்னதிலை ஒண்டுதான் வந்திருக்கு. அதையும் விட்டால் நான் முழுப் பொய்யனெல்லோ, பிள்ளை."

போன மாதம் அதே காற்றாலைக் கம்பனியின் புதிய அலுவலகக் கூரையில் நாங்கள் தகடு பூட்டிக்கொண்டிருந்தோம். முதலீட்டாளர்கள் வாகனங்களில் வந்தார்கள். அண்ணை சீருடைத் தொப்பியோடு கேற்றடியில் நின்றார், ஆனால் தடைக் கம்பைத் தூக்கவில்லை. முதல் வாகனத்தின் கண்ணாடியில் தட்டினார்.

"மேடம், முதலீடு வாறது சந்தோசம். எங்கடை பிள்ளையளுக்கு இதிலை எத்தினை வேலை?"

எனக்குக் கூரையிலேயே முகம் எரிந்தது. இவரை எனக்குத் தெரியும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று, இறுக்கின திருகாணியையே திரும்பத் திரும்ப இறுக்கினேன். அதிகாரி ஓடிவந்தார்.

"சொறி மேடம், இவருக்குக் கொஞ்சம் நட்டுக் கழண்டது."

அண்ணை தலையைக் குனிந்துகொண்டு தடையின் கயிற்றைத் தேடினார். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை.

நான் ஏணியால் இறங்கினேன். கேற்றடிக்குப் போகும்வரை என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"இவர் எங்கடை அண்ணை, மேடம். கேட்டதுக்கு மறுமொழி சொல்லிப்போட்டுப் போங்கோ."

மேடம் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். அண்ணையும் நானும் சேர்ந்து முடிச்சை அவிழ்த்தோம். மேலே வேலை கிடந்தது. நான் ஏறவில்லை. வந்த வாகனங்கள் எல்லாம் திரும்பிப் போகும்வரை, அவருக்குப் பக்கத்தில் எல்லாரும் காணும்படி நின்றேன்.