மாயர் கணக்கும் மாமாவின் விதைநெல்லும்

"தெரியாது" என்ற சொல் இருபத்திரண்டு வயது வரை என் வாயில் வந்ததில்லை. போதாக்குறைக்கு நான் பள்ளிக்கூட வாத்தியார்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முந்திய கதை. கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி, ஆரையம்பதியில் மனைவி பூரணத்தின் வீட்டில் குடியேறி மூன்று மாதம். மட்டக்களப்பு நண்பர் ஒருவர் இங்கிலீசுச் சஞ்சிகை ஒன்றை இரவல் தந்தார். அமெரிக்கக் கண்டத்தில் மாயர் என்று ஒரு பழைய இனமாம். நாட்களை லட்சக்கணக்கில் எண்ணுவார்களாம். எண்ணிக்கை நிரம்பினால் ஒரு யுகம் முடியுமாம். 'மீதி அடுத்த இதழில்' என்று கட்டுரை நின்றுவிட்டது. (என் பொறுமையும்தான்.) மீதியை நானே கூட்டிக் கழித்துப் பார்த்தேன். உலகம் முடிவது வருகிற வெள்ளிக்கிழமை என்று வந்தது!

சாப்பிடும்போது மாமாவிடம் அவிழ்த்துவிட்டேன். மாமாவுக்கு வாவிக்கு அக்கரை வட்டையில், ஊரார் வயல்களெல்லாம் சேர்ந்த வெளியில், வயல். படித்த மருமகன் வாய்த்தான் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவர்.

"மெய்தானா மருமகன்?"

"ஓம் மாமா. கணக்குப் பிழைக்காது."

"மறுகா? அதுக்குப் பிறகு?"

"மறுகா ஒண்டுமில்ல."

"அப்ப விதைச்சு ஆருக்கு? எல்லாரும் வயிறாறத் தின்னட்டும்" என்று எழுந்துபோய், மாரி வெள்ளாமைக்கு வைத்திருந்த விதைநெல் மூட்டைகளை அவிழ்த்தார். "சும்மா சொன்னேன் மாமா" என்று ஒரு வார்த்தை போதும். சொன்னேனா? கௌரவம் விடவில்லை. இரண்டு நாள் உலக்கைச் சத்தம் ஓயவில்லை. வியாழக்கிழமை ஊருக்கே சோறு. நானும் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை சூரியன் ஒழுங்காக உதித்தது. சனிக்கிழமையும் உதித்தது. ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. வட்டை முழுக்க ஊரார் விதைக்க, மாமா மட்டும் குடை பிடித்து வரம்பில் நின்றார். வெட்கத்தில் செத்தேன். தோணி பிடித்து ஊர் ஊராய் விதைநெல் கேட்டு அலைந்தேன். பெரியகல்லாற்று உறவினர் ஒருவர் முழுக்கதையையும் இரண்டு தரம் சொல்லவைத்துச் சிரித்த பிறகுதான் தந்தார். வட்டையில் கடைசியாக முளைத்தது எங்கள் வயல்.

அடுத்த இதழ் வந்தது. யுகம் முடிந்ததும் மாயர் மறுபடி முதலிலிருந்து நாளை எண்ணத் தொடங்குவார்களாம். தலை குனிந்தபடி மாமாவிடம் சொன்னேன்.

"அப்ப அவனுகள் விதையைத் தின்னல்ல, மருமகன்" என்றார்.

மாமா போய் வெகுகாலம். இன்றும் விதைப்புக் காலம் வந்தால் பிள்ளைகள், "அப்பாக்கிட்டக் கேளுங்க, இந்த முறை விதைக்கிறதா, சமைக்கிறதா?" என்று தொடங்கிவிடுவார்கள். பூரணமோ நெல் அறைச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள்.