காலி பாட்டிலில் ஒரு மில்லிகிராம்

ஒரு பொருள் இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு இன்றுவரை தைரியம் கிடையாது. அரிசி டின் காலியா என்று கேட்டால்கூட, "இருக்கற மாதிரி தெரியலை" என்பேன். எல்லாம், எண்பதுகளில் நான் சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தபோது வந்த ஒரு சிறு பாட்டிலால்.

அதில் வரவேண்டியது பெப்டைடு என்ற ஒரு புரதத் துணுக்கு. உயிரணு சாகும்போது அதன் நொதிகளே அதைத் தின்னத் தொடங்கும். அந்த நொதிகளின் வாயைக் கட்டுவது இதன் வேலை. ஆறு வாரம் காத்திருந்து வந்ததை விளக்கில் காட்டி, கவிழ்த்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. (ஏழு முறை பார்த்தேன். நான் அப்படித்தான்.)

"டாக்டர், காலி பாட்டிலை அனுப்பிட்டாங்க!"

டாக்டர் தேவராஜ் நுண்ணோக்கியிலிருந்து தலை நிமிரவில்லை. "நல்லா பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் டாக்டர்."

"அப்ப கம்பெனி ஆளை திங்கக்கிழமை வரச் சொல்றேன். பாட்டில் பத்திரம்."

என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடவேண்டியதும் அதே திங்கட்கிழமைதான். பத்திரமான இடம் என்றால் என் கைப்பை. (துப்புரவு ஆன்ட்டி எதையும் வீசிவிடுவார்.) வெள்ளிக்கிழமை மாலை, சளியில் மூச்சு வாங்கிய ஒரு வயது மகளுக்காக சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போனேன். வெளியே வந்தால் மழை. விபூதிப் பொட்டலம் நனையத் தொடங்கியது. பையில் புத்தம்புதிய, காலி என்று நானே சான்று கொடுத்த பாட்டில்.

விபூதியை அதில் கொட்டி மூடினேன். சனியும் ஞாயிறும் மகள் நெற்றியில் பட்டை பட்டையாகப் பூசினேன். திங்கள் காலை பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோவதாகத் திட்டம். பால்புட்டியை இருமுறை கழுவினேன், இதை மறந்தேன்.

கம்பெனி ஆள் அந்தோணி கையை நீட்டினார். "அந்தக் காலி பாட்டிலைக் காட்டுங்க அக்கா."

காட்டினேன். கழுத்துவரை வெள்ளைத் தூள்.

"நாங்க அனுப்பினது ஒரு மில்லிகிராம் லா. இவ்ளோ எப்படி வந்துச்சு?"

"அது... விபூதி."

"ஐயோ அக்கா! எங்க சரக்கு கண்ணுக்கே தெரியாது. கண்ணாடியில மெல்லிசா ஒட்டிக்கிட்டிருக்கும். தண்ணி ஊத்தி ஆட்டினாதான் கரையும்."

எனக்கு வேலையே மறந்துவிட்டது. "பிள்ளை நெத்தியில பூசிட்டேனே டாக்டர்!"

இப்போதுதான் டாக்டர் தலை நிமிர்ந்தார். "ஒண்ணும் ஆகாது, கழுவி விடுங்க. ஆனா உங்க கடிதம் இன்னும் மூணு மாசம் என் மேசையிலேயே இருக்கட்டும்."

வீட்டில் அழுதுகொண்டே சொன்னேன். என் கணவர் மகளின் நெற்றியைத் தட்டிப் பார்த்தார். "உன் உடம்புல இந்த நெத்தி மட்டும் நூறு வருஷம் கெடாம இருக்கும்டி செல்லம், கவலைப்படாதே."

கையெழுத்து மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது. மகளுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. (எனக்கு அதில் சற்றுப் பெருமையும் உண்டு.) போன வாரம், காப்பித்தூள் தீர்ந்த மாதிரி இருக்கிறது என்று மெல்லச் சொன்னேன்.

"தண்ணி ஊத்தி ஆட்டிப் பாத்தீங்களாம்மா?" என்றாள்.

ஆட்டிப் பார்த்தேன். ஒரு குவளை காப்பி வந்தது.