பதினோரு முறை அழைத்த வீடு

வாசலில் வந்து நிற்பவரிடம் "நீங்க யாரு?" என்று கேட்கக் கூடாது. எங்கள் வீட்டில் இது சட்டம். முதலில் உட்கார வைக்க வேண்டும், பசியாறச் சொல்ல வேண்டும். இரண்டாவது கிளாஸ் சிரப் தண்ணீர் உள்ளே போவதற்குள் அவராகவே பேர், ஊர், வந்த காரணம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் மூன்றாவது கிளாஸ். சட்டத்தைப் போட்டவர் என் அப்பா. எஸ்டேட் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் போட்டது. மலாக்கா புக்கிட் பெருவாங்கில் வரிசை வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அதில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை.

இந்தச் சட்டத்தால் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது. முக்கால்வாசித் தப்பு அப்பாவுடையது என்று இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். இன்று ஒப்புக்கொள்கிறேன், முழுத் தப்பும் என்னுடையதுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. பத்து பெரண்டாம் என்கிற இடத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி. அங்கே பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டியபோது ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். பட்டணத்தில் வாங்கிய ஒரு பத்திரிகையோடு லினக்ஸ் என்று எழுதிய குறுந்தட்டு ஒன்று வந்தது. கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள், யாரும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று போட்டிருந்தது. (இப்படி அள்ளிக் கொடுப்பவன் கடைசியில் இன்ஷூரன்ஸ் விற்பான் என்று நான் ரொம்ப நாள் காத்திருந்தேன். விற்கவே இல்லை.)

அந்தப் பத்திரிகை, உங்கள் வீட்டிலேயே சொந்தமாக ஒரு சர்வர் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. வைத்தேன். சர்வர் என்றால் என்ன என்று என்னை நீங்கள் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். ஆனாலும் என்னிடம் ஒன்று இருந்தது. தொழிற்சாலை பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று இரண்டு மாதம் உட்கார்ந்து தட்டி, அதில் ஒரு பக்கம் போட்டிருந்தேன். உலகமே பார்க்கலாம். டெலிபோன் லைனில் இணைத்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் பார்க்கலாம் என்பதால், உலகம் பார்க்கவில்லை.

சந்தேகம் வந்தால் எழுதுங்கள் என்று பத்திரிகையில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. மலாக்காவில் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களின் குழுவாம். நான் தொழிற்சாலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மெமோ பாணியில், மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, கீழ்க்காணும் பிழையைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று எழுதி, 'மதி' என்று கையெழுத்துப் போட்டேன். (முழுப்பெயர் மதியழகி. மெமோவில் அழகுக்கு இடமில்லை.) பிழை என்னவென்றால், குறுந்தட்டைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் தடவை எல்லோருக்கும் இப்படித்தான், எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பெருந்தன்மையை நான் மூன்று மாதம் சோதித்தேன். தாங்கினார்கள்.

காலையில் எழுதினால் அஸ்மான் என்பவர் பதில் போடுவார். மத்தியானம் எழுதினால் டான். சாயங்காலம் குணா. எனக்கு உடனே விளங்கிவிட்டது, இது மூன்று ஷிப்ட். எங்கள் தொழிற்சாலை மாதிரி எங்கோ ஓர் அலுவலகம், அதில் மூன்று பேர் முறைபோட்டு உட்கார்ந்து பதில் எழுதுகிறார்கள். அது ஒரு லிஸ்ட், நான் எழுதும் ஒவ்வொரு கடிதமும் குழுவில் இருக்கும் எல்லோர் வீட்டுக்கும் போகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தார்கள், முதல் பதிலிலேயே. எனக்குப் புரியாத வரிகளைத் தாண்டிப் போகிற பழக்கம் அப்போதே உண்டு.

இந்த மூன்று ஷிப்ட்காரர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது? தீபாவளி முடிந்து இரண்டாவது ஞாயிறு, எங்கள் வீட்டில் சின்னதாகத் திறந்த இல்ல உபசரிப்பு, பண்டிகைச் சாப்பாடு, பதினொரு மணிக்கு வாருங்கள் என்று எழுதி, வீட்டு முகவரியும் போட்டு, என் சொந்த சர்வரிலிருந்தே அனுப்பினேன். கடிதம் வரிசையில் நிற்கிறது என்றது கம்ப்யூட்டர். போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அனுப்பினேன். மறுபடியும் வரிசை. கெஞ்சினால் போகுமோ என்னவோ, ஒவ்வொரு தடவையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டே போனேன். நான்காவதில், அம்மா உங்களுக்காக முறுக்கு எடுத்து வைத்திருக்கிறார் என்று எழுதினேன். எட்டாவதில், நீங்கள் வராவிட்டால் மனசு கஷ்டப்படும். பதினொன்றாவதில், என் சர்வருக்கு என்னவோ ஆகிவிட்டது, தயவுசெய்து நேரில் வந்து காப்பாற்றுங்கள். அதோடு விட்டுவிட்டேன்.

லைன் இணைக்காமல் அனுப்பினால் கடிதம் வரிசையில்தான் நிற்கும், லைன் கிடைத்ததும் தானாகக் கிளம்பும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் அப்பாவுக்கு வேறு கவலை. என்னைப் பார்த்துவிட்டுப் போன இரண்டு குடும்பங்கள் போன் பண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டுப் பண்ணவே இல்லை. அப்பா ஜாதகத்தைச் சந்தேகப்பட்டார். அம்மா என் மூக்கைச் சந்தேகப்பட்டாள். அடுத்த நாள் சாயங்காலம் நான் லைனைப் போட்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வந்து, உங்கள் வீட்டுப் போன் எப்போது அடித்தாலும் எங்கேஜ் என்று சாதாரணமாகச் சொன்னார். அப்பா என்னையும் டெலிபோனையும் மாறி மாறிப் பார்த்தார். கம்ப்யூட்டருக்குப் போன வயரைப் பிடுங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் இணைத்திருந்தது மொத்தமே பத்து நிமிடம். வரிசையில் நின்ற பதினொன்றும் அந்தப் பத்து நிமிடத்தில் கிளம்பிப் போய்விட்டன.

வயர் போன மூன்றாம் நாளே போன் அடித்தது. அலோர் காஜாவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பெயர் தியாகு, வருகிற ஞாயிறு பதினொரு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். அதே ஞாயிறுதான். ஆனால் என் கடிதம்தான் போகவில்லையே என்று நான் வாயைத் திறக்கவில்லை. புகைப்படத்தில் அவருக்குக் காது கொஞ்சம் தூக்கலாக இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. இந்த வரன் தவறிவிடக் கூடாது என்று முதல் தடவையாக நானே சாமியிடம் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் புடவை கட்டி, பூ வைத்து, பின்னறையில் உட்கார வைத்தார்கள். வேளை வரும்வரை வெளியே தலைகாட்டக் கூடாது. அதனால் முன்னால் நடந்ததையெல்லாம் நான் பிற்பாடு கேட்டுத்தான் சேர்த்துக்கொண்டேன்.

பத்தே முக்காலுக்கு ஒரு வேன் வந்து நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள், ஒருவர் தோளில் கம்ப்யூட்டர் திரை. பின்னாலேயே இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு கார், இன்னொரு வேன். மதி வீடுதானே என்று கேட்டார்கள். அப்பா கைகூப்பி உள்ளே அழைத்தார். பெண்ணின் பெயரைச் சரியாகச் சொல்கிறார்கள், பிறகென்ன? சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று கூடம் நிறைந்துவிட்டது. அப்பா அடுப்படிக்கு வந்து அம்மாவின் காதில், "மாப்பிள்ள பக்கம் எல்லா இனத்துலயும் ஆளு இருக்கு. நல்லாப் பழகுற குடும்பம் போலருக்கு" என்றார். அம்மா எட்டுப் பேருக்குச் சமைத்திருந்தாள். சாம்பாரில் தண்ணீர் ஊற்றினாள்.

பதினொன்றே காலுக்கு நிஜமான மாப்பிள்ளை, தன் அம்மாவோடும் தாய்மாமனோடும் வந்தார். அப்பா இன்னும் மூன்று பேர் என்று நினைத்து, கிடைத்த இடத்தில் உட்கார வைத்தார். பெண்ணுக்கு இவ்வளவு பெரிய உறவா என்று அவர்கள் மலைத்துப்போனார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோர் கையிலும் சிரப் தண்ணீர் இருந்தது.

தியாகுவுக்கு இடம் கிடைத்தது கம்ப்யூட்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில். புதுச் சட்டை, வேர்த்த முகம். குழுவிலிருந்து வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். பதினோரு கடிதம் எழுதிக் கதறியவன் இவனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். (மதி ஒரு பெண்ணாக இருக்கலாம் என்று அத்தனை ஆண்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.) மூன்றாம் ஷிப்ட் குணா எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"பயப்படாதீங்க தம்பி. மொத தடவ எல்லாருக்கும் இப்படித்தான். ஒங்களுக்காகத்தான் இத்தன பேரும் வந்துருக்கோம்."

பெண் வீட்டார் இவ்வளவு அன்பானவர்களா என்று தியாகுவுக்கு நெஞ்சு நெகிழ்ந்ததாம். அதற்குப் பிறகு அவர்கள் சொன்னதையெல்லாம் செய்தார். கம்ப்யூட்டரை அதுவரை தொட்டதே இல்லை, ஆனால் மாப்பிள்ளையைச் சோதிக்கிறார்கள், சோதனையில் தோற்கக் கூடாது. டான் ஒரு குறுந்தட்டைக் கொடுத்தார், இவர் போட்டார். அஸ்மான் ஒரு பொத்தானைக் காட்டினார், இவர் அமுக்கினார். இந்த மெஷின் ரொம்பக் கெட்டுப்போயிருக்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் நல்லது என்று குழு கூடித் தீர்மானித்தது. அவரையும் கேட்டார்கள். பெரியவர்கள் பார்த்துச் செய்தால் சரி என்றாராம்.

நான் டீத் தட்டோடு குனிந்த தலையாக வந்தது அந்த நேரத்தில்தான். கூடத்தில் எதிர்பார்த்ததைவிடக் கால்கள் அதிகமாகத் தெரிந்தன. நிமிர்ந்தேன். என் கம்ப்யூட்டரின் முன்னால், புகைப்படத்தில் பார்த்த காதுகள். திரையில், இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்ற கேள்வி. குணா தலையாட்டினார். காதுக்காரர் யெஸ் என்பதை அமுக்கினார்.

"எவன்டா என் மெஷின தொட்டது?"

வருங்காலக் கணவரிடம் நான் பேசிய முதல் வாக்கியம் இதுதான். டீயில் பாதி தாய்மாமன் வேட்டியில். அழுகையே வந்துவிட்டது எனக்கு. இரண்டு மாத வேலை, நகல்கூட எடுத்து வைக்கவில்லை. போதாததற்கு வரனும் போயிற்று.

தியாகு எழுந்து நின்று, வகுப்பில் மாட்டிக்கொண்ட மாணவனைப் போல, "இவங்கதான் யெஸ் அமுக்கச் சொன்னாங்க" என்றார். எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். அப்போது என் அப்பா, வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் சட்டத்தைத் தானே மீறினார்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்கள்லாம் யாரு?"

குணா நிதானமாக விளக்கினார். லிஸ்ட் என்றார், சர்வர் என்றார், யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றார், பதினோரு கடிதம் என்றார். ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் மூன்று பேர் வந்திருப்போம், பதினோரு தடவை கூப்பிட்டவனை எப்படித் தட்டுவது, அதனால்தான் எல்லோரும் வந்தோம் என்றார். அப்பாவுக்கு அதில் கடைசிப் பகுதி மட்டும் நன்றாகப் புரிந்தது. நியாயம்தானே என்பதுபோல் தலையாட்டினார்.

தாய்மாமனுக்கு ஒன்றுமே புரியவில்லை. வேட்டியை உதறிக்கொண்டு, "அக்கா, கெளம்பு. இங்க ஒண்ணும் சரியில்ல" என்றார். மாப்பிள்ளையின் அம்மாவும் எழுந்துவிட்டார். என் அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போயிற்று, மூன்றாவது வரனும் போயிற்று என்று நான் தட்டைக் கீழே வைத்தேன்.

தியாகு மட்டும் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இருங்க மாமா. கெடுத்தது நானு. சரியாக்கிட்டு வரேன்."

சரியாக்க அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதுவரை அவர் அசையவில்லை. அஸ்மான் சொல்லச் சொல்லத் தட்டினார், தப்பாகத் தட்டினார், மறுபடி தட்டினார். ஒருவரும் அவரை அதட்டவில்லை. அந்த மூன்று மாதம் என்னிடம் காட்டிய அதே பொறுமை. என் பஸ் நேரங்களைக் கேட்டார். நான் ஞாபகத்திலிருந்து சொல்ல, ஒற்றை விரலால் ஒவ்வொரு நிறுத்தமாக அடித்தார். பத்து பெரண்டாம் முச்சந்திக்கு வருவதற்குள் எனக்குக் கோபம் போய்விட்டது. இவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அங்கேயே நினைத்தேன். சாம்பாரில் மூன்றாவது தடவை தண்ணீர் ஊற்றினாள் அம்மா. மாப்பிள்ளையின் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பளம் பொரிக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் முழுக்க அப்பா டெலிபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை அடித்தது. கேட்டுவிட்டு வைத்தார். "யெஸ் அமுக்கிட்டாங்க" என்றார்.

கல்யாணத்துக்குக் குழுவைக் கூப்பிட வேண்டுமே. இந்தத் தடவை நான் பாடம் கற்றிருந்தேன். லைனைப் போட்டு, ஒழுங்காக, ஒரே ஒரு கடிதம் அனுப்பினேன். அவர்களுக்கென்று ஒதுக்கிய இரண்டு மேசை காலியாகக் கிடந்தது. குணா அண்ணன் மட்டும் வந்தார். மற்றவர்கள் எங்கே என்று மணவறையிலிருந்து இறங்கியதுமே கேட்டேன்.

"ஒரு தடவதானே கூப்புட்ட? சும்மா மரியாதைக்குக் கூப்புடுறன்னு நெனச்சிட்டாங்க லா" என்றார்.

இன்றைக்கும் நான் அடுப்படியிலிருந்து சாப்பிட வாங்க என்று குரல் கொடுத்தால், கூடத்தில் என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பதில் சொல்வார்.

"ஒண்ணு."