சப்பாத்தில்லாமல் ஒரு சம்பந்தம்

மெக்சிகோ நகரத்தில் ஒரு பெண்மணி என்னைப் பெரிய பக்திமான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். இன்றுவரை நான் அதை மறுக்கவில்லை. மறுக்கிற தைரியமும் இல்லை.

அங்கே வேலைக்குப் போன என் மகள் அபிரா, தியேகோ என்ற உள்ளூர்ப் பையனைக் கட்டப்போவதாகப் போனில் சொன்னாள். அதன்பிறகு எட்டு மாதம் நான் அவளோடு பேசவில்லை. "எனக்கு விருப்பமில்லை" என்று நேரிலே சொல்லத்தான் சிட்னியிலிருந்து விமானம் ஏறினேன். (போனிலேயே சொல்லலாமே என்றாள் கூடவே வந்த மனைவி வதனி. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா!)

நகரத்தின் நடுவில் ஒரு பழைய தேவாலயம். பையனின் தாய் லூசியாவை மதியம் அங்கே சந்திப்பதாக ஏற்பாடு. வழியில் யாரோடும் கதைக்க மனமில்லாமல் நான் முன்னதாகவே தனியாகப் போய்விட்டேன்.

கருஞ்சிவப்புக் கல் மாளிகைகள், இரும்புக் கம்பி போட்ட பல்கனிகள், கைப்பிடியைச் சுழற்றி இசைப்பெட்டி வாசிக்கும் ஒருவர், சோளத்தில் மிளகாய்த்தூள் தூவி விற்கும் பெண்கள். நானோ கட்டட எஞ்சினியர். ஏரியை மூடிக் கட்டிய ஊர் என்பதால் கட்டடங்கள் புதைந்து சரிந்திருந்தன. என் கண் அதிலேயே நின்றது. அந்தத் தேவாலயமும் கோபித்துக்கொண்ட மாமனாரைப்போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

கோயில் என்றால் கால் தானாகவே சப்பாத்தைக் கழற்றிவிடும். வாசலில் வேறு ஒரு சோடிகூட இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. உள்ளே போய், சரிவை அளக்க மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து போனைத் தரையில் வைத்தேன். கண்ணாடியை ஹோட்டலில் மறந்துவிட்டதால், முழங்காலில் நின்று நெற்றி தரையில் முட்டக் குனிந்து எண்ணைப் படித்தேன்.

நிமிர்ந்தால் எதிரே வதனி, அபிரா, அவர்கள் நடுவில் கண்கலங்கியபடி லூசியா. அவர் மெல்ல ஏதோ சொன்னார்.

"அப்பா, இஞ்ச நேத்தி வச்சவைதான் வெறுங்காலோட வந்து முழங்காலில நிப்பினமாம். எங்கட கல்யாணத்துக்காகவோ எண்டு கேக்கிறா."

தரையில் போன் இரண்டு பாகை சரிவு என்று காட்டிக்கொண்டிருந்தது. அதை அபிராவும் பார்த்துவிட்டாள். எஞ்சினியரின் மகள், விளங்காமல் இருக்குமா? ஆனாலும் என் பதிலுக்காகக் காத்து நின்றாள். நன்றாக மெலிந்திருந்தாள். இந்தப் பிள்ளையோடா எட்டு மாதம் பேசாமலிருந்தேன்? சீ, என்ன மனுசன் நான்!

"ஓம் எண்டு சொல்லு," என்றேன்.

அவள் அழுதுகொண்டே லூசியாவைப் பார்த்துத் தலையாட்டினாள். லூசியா தன் சப்பாத்தையும் கழற்றிவிட்டு என் பக்கத்தில் முழங்காலில் நின்றார்.

வெளியே வந்தால் என் சப்பாத்தைக் காணோம். சுடுகல்லில் துள்ளித் துள்ளி நடந்தேன். லூசியாவும் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு கூடவே வந்தார்.

"இஞ்சாருங்கோ, ஒண்டும் கதையாமல் நடவுங்கோ," என்றாள் வதனி.

கல்யாணத்தன்று அதே தேவாலய வாசலில் பையன் வீட்டார் அத்தனை பேரும் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்திருந்தார்கள். என் நேர்த்திக்கு மரியாதையாம்! போனை வதனியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் முழங்காலில் நின்றேன். அந்த முறை அளக்க ஒன்றுமில்லை.

இன்றைக்கும் நான் எதற்காவது முரண்டு பிடித்தால், சிட்னியில் எங்கள் பென்டில் ஹில் வீட்டில் யாரும் என்னோடு வாதாடுவதில்லை. பேசாமல் என் சப்பாத்தை எடுத்து ஒளித்துவிடுகிறார்கள்.