ஞாயிற்றுக்கிழமை விமானம்

அன்று காலை கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். விமானத்தின் இடது இறக்கைக்குக் கீழே, மடக்கு நாற்காலியில், இறந்தவரின் மனைவி. அவர் மடியில் பறப்புப் பதிவேடு. எதிரே, இருந்ததிலேயே சுத்தமான மரப்பெட்டியின் மேல் கைக்குட்டை விரித்து, இறந்தவரின் தம்பி. கதவோரம் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்னின் மேல் மெக்கானிக். நான்காமவரான மதிப்பீட்டாளருக்கு இருக்கை இல்லை. விமானத்துக்குள் இரண்டு இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. விலை போடும் பொருளின் மேலேயே உட்காருவது முறையல்ல என்று அவர் நின்றுகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். மதிப்பீட்டாளர் எழுதித் தரும் நியாய விலைக்குத் தம்பி விமானத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று இறந்தவர் எழுதி வைத்திருந்தார். அந்த விலையை எழுதிய கடிதம் வக்கீலுக்குக் கிளம்பிவிட்டால் பிறகு ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. நல்ல விலை வந்தால் அந்த அம்மாள் கடைசிவரை தன் வீட்டிலேயே இருக்கலாம். வராவிட்டால் கொழுந்தன் வீட்டுப் பின்பக்க அறை. அங்கே ஏற்கெனவே தண்ணீர் மோட்டார் குடியிருந்தது. அது காலி செய்யாது என்று கொழுந்தன் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குங்கறதுதான் கணக்கு," என்றார் மதிப்பீட்டாளர். "ரெண்டாயிரம் மணி ஆச்சுன்னா மொத்தமாப் பிரிச்சு மாட்டணும். விமானத்தோட பாதி விலையை அதுவே சாப்பிட்டுடும்."

அம்மாள் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது."

"அப்பப் பழைய இரும்பு விலைதான்," என்று தம்பி காலை நீட்டிக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் உள்ளே ஏறினார். இன்ஜின் ஓடும்போது மட்டும் சுற்றும் மீட்டரைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு மணி நேரம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் ஐம்பத்தெட்டுதான். இறங்கி, இன்ஜினுக்குள் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தார். உள்ளே எல்லாம் கடையிலிருந்து வந்த பாத்திரம்போல் மின்னியது. விமானியின் இருக்கைக்கு அடியில் ஒரு தலையணை, பழைய பேப்பர்கள், ஒரு சாப்பாட்டுக் கரண்டி. கரண்டியை அம்மாள் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெக்கானிக்கை வால் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"இவர் பறக்கவே இல்லையாப்பா?"

"ஒரே ஒரு தடவை சார். இறங்கினவர் சாவியை என் கையில கொடுத்துட்டார். அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம், ஞாயித்துக்கிழமையானா வந்து கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உட்காருவார். படிப்பார், தூங்குவார். நாலு மணிக்குப் பதிவேட்டுல எழுதிட்டுப் போயிடுவார். மாசம் ஒரு தடவை நான்தான் இன்ஜினை ஓடவிடுவேன்."

"அடப்பாவமே."

"சார், அம்மாவுக்கு..."

"அம்மாவுக்குத் தெரியவே கூடாது. கடிதம் தபால் வண்டியில ஏறுற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அம்மாள் பதிவேட்டை விரலால் தொட்டுக் காட்டினார். "இதைப் பாருங்க சார். எங்க பொண்ணு கல்யாணத்தன்னைக்குக்கூட மூணு மணி நேரம் பறந்திருக்கார். மேடையில என் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தார். எப்பப் போனார், எப்ப வந்தார்னே தெரியல."

"அண்ணனுக்கு அப்படி ஒரு பைத்தியம்," என்றார் தம்பி, போனிலிருந்து தலை நிமிராமல்.

மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி ஒரு நம்பிக்கையா! மானத்தையும் காப்பாற்ற வேண்டும், விலையையும் ஏற்ற வேண்டும். "இன்ஜின் புதுசு மாதிரி இருக்கு," என்று மெல்ல ஆரம்பித்தார். "நடுவில மாத்தியிருப்பார்னு நினைக்கிறேன்."

"பில் எங்க?" என்றார் தம்பி. "பில் இல்லாத இன்ஜின் திருட்டு இன்ஜின்தான். அதுக்கும் கழிச்சுக்குங்க."

"இல்ல, மணியைக் கூட்டினதுல தப்பு இருக்கலாம்."

"அப்பப் பதிவேடே தப்பு. தப்பான பதிவேட்டோட இதை எவன் வாங்குவான்? அதுக்கும் கழிங்க."

"பராமரிப்பு ரொம்ப நல்லா இருக்கே."

"பதினஞ்சு வருஷமா இந்த ஆள்தான் பராமரிப்பு. மூஞ்சியைப் பாத்தா அப்படியா தெரியுது?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். மதிப்பீட்டாளர் முறைத்தார். மூடிக்கொண்டார்.

"இன்னொண்ணு பாருங்க," என்றார் அம்மாள், இப்போது சற்று உரக்க. "இந்தப் பக்கத்துல இருக்கிற மாசம் பூரா அவருக்குக் கால் உடைஞ்சு இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. நாலு ஞாயித்துக்கிழமையும் பறந்திருக்கார் சார். நாலும்."

"போதும்மா. மனசைப் போட்டு வருத்திக்காதீங்க."

அம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பதிவேட்டை மூடினார்.

தபால் வண்டி வர இன்னும் இருபது நிமிடம். மதிப்பீட்டாளர் இறக்கையையே மேசையாக்கிக்கொண்டு எழுத உட்கார்ந்தார், இல்லை, நின்றார். உண்மையை எழுதினால் விலை இரண்டு மடங்கு; இறந்தவர் பதினைந்து வருடப் பொய்யர். மோட்டார் சத்தம் பழகிவிடும், இது பழகாது என்று அவர் முடிவு செய்தார். தேதி போட்டார். பொருள் என்று எழுதி அடிக்கோடிட்டார். 'பதிவேட்டின்படி இன்ஜின் ஓடியது 1,960 மணி' என்று எழுதி, அதற்குரிய விலையை எண்ணாலும் எழுத்தாலும் குறித்தார். கையெழுத்திட்டு, மூன்றாக மடித்து, உறையிலிட்டு ஒட்டினார். ஓரத்தை நகத்தால் இரண்டு முறை நீவினார்.

"உள்ளதை உள்ளபடி எழுதிட்டீங்களா சார்?" என்று கேட்டார் அம்மாள்.

"உங்க மனசுக்கு ஒரு குறையும் வராதும்மா."

அன்றைக்கு முதல் தடவையாக அந்த அம்மாள் சிரித்தார். பதிவேட்டைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் சொல்ல வேண்டும் என்று கிளம்பினார். தம்பி கைக்குட்டையை மடித்தார்.

வண்டி வந்தது. உறை பைக்குள் போனது. பை வண்டிக்குள் போனது. வண்டி வேலியோரம் திரும்பி மறையும்வரை மதிப்பீட்டாளர் ஈரக் கண்ணோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பப் பேசலாமா சார்?" என்றார் மெக்கானிக்.

"பேசுப்பா."

"உங்க பையில இருக்கிற கரண்டி அம்மாவோடது, ஞாயித்துக்கிழமை தவறாம அவருக்கு இங்க சாப்பாடு கொண்டுவந்ததும் அவங்கதான், அவர் பறக்கவே இல்லைன்னு தான் சொன்னா கொழுந்தன் நம்பமாட்டார், வெளியாள் வாயால வரட்டும்னு உங்களைக் கூப்பிட்டதும் அவங்கதான்."