மொட்டைவாலுக்குக் கொடுத்த வெண்ணெய்

"வால ஆட்டாத. என் மானமே போயிடும்" என்று ஆய்வு உதவியாளர் பல்லைக் கடித்தாள்.

மொட்டைவால் இருந்த கொஞ்ச வாலையும் ஆட்டியது. அதற்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசி. மற்ற ஐந்து நாய்களுக்கும் ஆய்வுக்கூடத் தலைவர் கண்டுபிடித்த ஹார்மோன் ஊசி. அந்த ஐந்துக்கும் வயிற்றில் அமிலம் குறைய வேண்டும், மொட்டைவாலுக்குக் குறையவே கூடாது.

எல்லாம் பட்டினி கிடந்தாக வேண்டும். கொழுப்பு உள்ளே போனால் குடல் தானாகவே ஒரு ஹார்மோனைச் சுரந்து அமிலத்தை அடக்கிவிடும். 'தீனி கொடுக்காதீர்கள்' என்று பலகை எழுதி மாட்டியவளே அவள்தான். காலையில் அது பார்த்த பார்வையில் மனசு கேட்காமல், தன் ரொட்டியிலிருந்த வெண்ணெயை வழித்துக் கொடுத்துத் தொலைத்திருந்தாள்.

"என்னம்மா இது? தண்ணி ஊசி போட்டதுக்கும் ஆசிட் குறைஞ்சிருக்கே!" தலைவருக்கு வியர்த்தது. நாளை மாநாட்டில் அவர் பேச வேண்டும்.

"ஆசிட் எடுக்குற குழாய் வயித்துக்குள்ள சரியா இறங்கல போல சார்."

குழாயை மாற்றினார்கள். அளவு மாறவில்லை.

"அப்போ... மருந்து பாட்டில் மாறியிருக்குமோ சார்?"

பாட்டில்களை எடுத்துவைப்பவர், நாய்க் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் கூண்டுக்காரர் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அவரைக் கூப்பிட்டுத் தலைவர் கத்தினார். "பாட்டிலக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாதா? நாளைலேருந்து வேலைக்கு வராதீங்க!"

வயதான மனிதர், ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி நின்றார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அவமானத்தில் காது மடல் சுட்டது.

"சார், அவர் மேல தப்பே இல்ல. நான்தான் அதுக்கு வெண்ணெ குடுத்தேன். குழாய்னு சொன்னது பொய், பாட்டில்னு சொன்னதும் பொய்." அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டாள்.

தலைவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு நெடுமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

"போகட்டும், கண்ணத் தொடைச்சுக்கோ. கெட்டது ஒரு நாயோட கணக்குதானே? மருந்து ஏத்தின அஞ்சுக்கும் ஆரம்பத்துலேருந்து ஆசிட் அடங்கித்தானே இருக்கு? நம்ம ஹார்மோன் தங்கம்மா!"

கூண்டுக்காரருக்குக் கண் கலங்கியது. தனக்காக ஒருத்தி இப்படி உண்மையைச் சொல்லி அழுவதை அவரால் தாங்க முடியவில்லை.

"அழாதீங்கம்மா. நீங்க இன்னிக்கு ஒரு நாள், ஒரு நாய்க்குத்தானே குடுத்தீங்க? மருந்து ஏத்துற அஞ்சும் பாவம்னு, முதல் நாள்லேருந்து நான் அதுங்களுக்கு வெண்ணெ குடுத்துட்டுத்தானே வரேன்!"