பன்னிரண்டு சில்லும் ஒரு தெர்மாகோல் அட்டையும்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அருப்புக்கோட்டையில் ரிமோட் வைத்த கலர் டிவியைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் அன்று இரண்டே பேர். அதில் நான் ஒருவன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. (மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு.) இன்னொருவர் எதிர்க்கடை காசிம் பாய்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேனல் மாற்றும் ஐசிக்குத் தட்டுப்பாடு வந்தது. பூரான் போல இருபக்கமும் கால் வைத்த கறுப்புச் சில்லு அது. மதுரைக் கடைக்காரர் கையை விரித்தார்.

"செய்யிற கம்பெனிகளுக்குள்ள போட்டி. ஒருத்தன் கிட்டங்கியில பதுக்குறான், இன்னொருத்தன்கிட்டச் சரக்கே இல்ல. இனி எப்ப வருமோ."

அவரிடம் மிச்சமிருந்த பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கம்பெனிக்காரன் மட்டும்தான் பதுக்குவானா?

சில்லுகளைச் செருகி வந்த கறுப்புப் பஞ்சு பார்க்க அசிங்கமாக இருந்தது. தூர எறிந்துவிட்டு, வெள்ளைத் தெர்மாகோல் அட்டையில் வரிசையாகக் குத்தி, பாய் கடைக்கு நேராகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். சீர்வரிசைத் தட்டு தோற்றது.

மறுநாளே பாய் வந்தார். "மாப்ள, அதுல ஒண்ணு குடு. அப்புறம் இன்னொரு விசயம்..."

முகத்தைப் பார்த்து மறுக்க எனக்கு வராது. சுவர்ப் பக்கம் திரும்பி, "ஸ்டாக் இல்ல பாய்" என்றேன். பாய் கண்ணாடிக்குள் இருந்த பன்னிரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பங்குனியில் பந்தல்குடியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா தன் வீட்டு டிவியைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

"படிப்பு கெடக்கட்டும் தம்பி. ஞாயித்துக்கெழமைக்குள்ள இதை ஓட வச்சுக் காட்டுங்க. கையில தொழில் இருந்தாப் போதும்."

போயிருந்தது அதே ஐசிதான். கடைக்குக் கொண்டுவந்து, சிரித்துக்கொண்டே முதல் சில்லை மாட்டினேன். ஓடவில்லை. நாலாவதில் வியர்த்தது. எட்டாவதில் குலசாமிக்கு நேர்ந்துகொண்டேன். பன்னிரண்டாவதிலும் திரை பொட்டல்காடாகவே கிடந்தது.

பாய் கடை வாசலில் போய் நின்றேன்.

"பன்னெண்டும் போச்சா மாப்ள?"

தலையாட்டினேன்.

"தெர்மாகோல்ல குத்துனா உரசல் கரண்டு ஏறிச் செத்துரும்யா. அதத் தடுக்கத்தான் அந்தக் கறுப்புப் பஞ்சு. அதுவும் நம்ம ஊரு காஞ்ச காத்துக்கு. அன்னைக்கு அதையும் சொல்லத்தான் வந்தேன். நீதான் செவத்தோட பேசிக்கிட்டிருந்த."

பாய் தன் வீட்டு டிவியிலிருந்தே சில்லைக் கழற்றி, சிகரெட் பெட்டி ஈயத்தாளில் சுற்றிக் கொடுத்தார். ஞாயிறு சாயங்காலம் பந்தல்குடியில் படம் பளிச்சென்று வந்தது. பெண்ணின் அப்பா, "கெட்டிக்காரருதான்" என்றார்.

அந்தப் பாராட்டைத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருக்கலாம். என்ன தோன்றியதோ, "ஐசி எங்க காசிம் பாய் வீட்டு டிவியில உள்ளது. என்கிட்ட இருந்த பன்னெண்டையும் நானே கெடுத்துட்டேன்" என்றேன். அதுவரை நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அவர் உள்ளே திரும்பி, "ஏத்தா, மாப்பிள்ளைக்குப் பேச்சு வருது. அது ஒண்ணுதான் சந்தேகமா இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு கடைக்கும் ஒரே ஐசி டப்பாதான். எத்தனை தட்டுப்பாடு வந்தும், சில்லு இல்லையென்று ஒரு டிவியையும் நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

வீட்டில்தான் நிமிர்த்த முடியாது. நேற்றுக்கூட இரண்டாம் காபி கேட்டேன். என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி, "ஸ்டாக் இல்ல பாய்" என்றாள்.